காரைநகர் பஸ்ஸில் ஒரு மாப்பிள்ளை

விமலேஸ்வரிக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. நாள் வைப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை பரமலிங்கம் யாழ்ப்பாணத்தில் பஸ் கொண்டக்டர். பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்து ஒரு சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. கொண்டக்டர் வேலையும் கவுண்மேந்து உத்தியோகம் ஆகிவிட்டது. விசுவமடுவில் காடு வெட்டிக் காணி திருத்திக் குடியேறியிருந்த அப்புத்துரைக்கு, மருமகன் காக்கிச் சட்டை போட்டவன் என்பதில் பெரிய பெருமை, புளுகம். சந்தையில் காண்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு படம் வந்தது. ஸ்ரூடியோவில் பூச்சாடிக்குப் பக்கத்தில் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, விறைத்துக்கொண்டு நிற்கிற படம்.

"அக்கா, இவர் ஆரையோ அடிக்கப்போற மாதிரியெல்லே நிக்கிறார்" என்றாள் விமலேஸ்வரி.

"படத்திலை எல்லாரும் அப்பிடித்தான் நிப்பினம். கலியாணத்துக்குப் பிறகு சிரிப்பர்" என்றாள் ராஜேஸ்வரி. தண்ணீரூற்றில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள், தங்கச்சியின் காரியத்துக்காகப் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கல்யாணத்துக்குச் சட்டி பானையும் துணிமணியும் வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. அப்புத்துரைதான் போவதாக இருந்தது. ஆனால் வயல் வெட்டு முடிந்து சூடு மிதித்து நெல் பிரிக்கிற நேரம். களத்தை விட்டு அவர் அசைய வழியில்லை. "நானும் அக்காவும் போட்டு வாறம் ஐயா. ஒரு ராத்திரி கொட்டடி மாமி வீட்டிலை தங்கினால் காணும்" என்று விமலேஸ்வரி சொன்னாள். தாய் அன்னபாக்கியம் முகத்தைச் சுளித்தாள். ஆம்பிளைத் துணையில்லாமல் இரண்டு பெண்கள் பட்டணம் போவதா என்று கேட்டாள். அப்புத்துரை, மிளகாய் மூட்டையோடு தனியே சந்தைக்குப் போய் வருகிற மகளுக்கு இதென்ன பெரிய தூரம் என்று விட்டுவிட்டார்.

ராஜேஸ்வரி எதையும் சிக்கனமாகச் செய்கிறவள். முதல்நாள் பின்னேரமே குசினிக்குள் புகுந்து ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து, வாழையிலையில் சுற்றினாள். எள்ளுருண்டை ஒரு ரின்னில். தண்ணீர் ஒரு சோடாப் போத்தலில். கடையில் கால் வைக்கக்கூடாது, தேத்தண்ணி குடிக்கிறதென்றால் மாமி வீட்டில்தான், மூன்றாம் வகுப்பில்தான் ஏறவேண்டும் என்று சட்டம் போட்டாள். விமலேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது.

விடியப் பஸ் ஏறிப் பரந்தனில் இறங்கி, ரயில் பிடித்தார்கள். ஆனையிறவு தாண்டும்போது உப்பளத்து வெளிச்சம் பெட்டிக்குள் வந்து எல்லோருடைய முகத்திலும் அடித்தது. அப்போதுதான் விமலேஸ்வரி சொன்னாள்.

"அக்கா, இண்டைக்குச் சாமான் வாங்கேல்லை. நாளைக்கு வாங்குவம். இண்டைக்குக் காரைநகர் பஸ்ஸிலை போறம்."

"காரைநகரிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருதரும் இல்லை. அந்தப் பஸ்ஸிலை அவர் இருக்கிறார். தாய்க்காரி வந்த அண்டைக்குச் சொன்னவாவெல்லே, காரைநகர் றூட்டிலை தன்ரை மகனைத் தெரியாத சனம் இல்லையெண்டு."

ராஜேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கென்ன விசரோ? ஐயா அறிஞ்சால்?"

"ஒரு மாடு வாங்கினாலும் ஐயா நடத்திப் பாத்துத்தானே வாங்குறவர். நான் ஒண்டும் கேக்கேல்லை அக்கா. ஏறுவம், ரிக்கற் எடுப்பம், போட்டு வருவம். நாங்கள் ஆரெண்டு அவருக்குத் தெரியாது."

ராஜேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவகச்சேரி வந்த பிறகு, "பஸ்ஸிலை நான்தான் கதைப்பன். நீ வாய் திறக்கக்கூடாது" என்றாள். விமலேஸ்வரி அதற்கும் தலையாட்டினாள்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் சனம் நெரிந்தது. கடலைக்காரர், லொத்தர் ரிக்கற்காரர், சைக்கிளில் மணியடித்துக்கொண்டு ஊடே புகுகிற பெடியன்கள். அக்காவும் தங்கச்சியும் ஒரு வேப்பமர நிழலில் நின்று ரொட்டியைச் சாப்பிட்டார்கள். காரைநகர் பஸ் வந்தது. கொண்டக்டர் தலை நரைத்தவர். விட்டுவிட்டார்கள். இன்னொன்று வந்தது, அவர் கட்டையானவர். அதையும் விட்டார்கள். அடுத்த பஸ்ஸின் வாசலில் தொங்கியபடி ஒரு மெலிந்த மனிதன், "மானிப்பாய், சங்கானை, வட்டுக்கோட்டை, காரைநகர்!" என்று பாட்டுப்போலக் கூவிக்கொண்டு வந்தான். தலைமயிர் காற்றில் கலைந்திருந்தது. காதில் பென்சில். படத்தில் இருந்தவனுக்கும் இவனுக்கும் காதுகள் மட்டும்தான் ஒற்றுமை.

"இவர்தான்" என்றாள் விமலேஸ்வரி.

ஏறினார்கள். பஸ் புறப்பட்டதும் அவன் தோல்பையைக் குலுக்கிக்கொண்டு வந்தான். பிலாப்பழத்தை மடியில் வைத்திருந்த கிழவரிடம், "அப்பு, உங்களுக்கு ஒண்டு, உங்கடை பேரனுக்கு அரை ரிக்கற்" என்றான். கிழவர் பழத்தைத் தட்டிக்காட்டி, "இவனுக்கு இன்னும் பல்லு முளைக்கேல்லையடா" என்றார். பஸ் சிரித்தது. நின்றுகொண்டிருந்த ஒரு தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, உட்கார்ந்திருந்த ஒரு வாத்தியாரின் மடியில் வைத்துவிட்டு அவன் பாட்டுக்குப் போனான். வாத்தியார் மறுப்புச் சொல்ல வாயெடுக்குமுன் பிள்ளை அவருடைய கண்ணாடியைப் பிடித்துவிட்டது.

"எங்கை அக்காமார்?"

"காரைநகர். ரெண்டு" என்றாள் ராஜேஸ்வரி.

"கோயிலுக்கோ?"

"இல்லை, சும்மா பாக்க" என்று விமலேஸ்வரி வாயைத் திறந்துவிட்டாள்.

"என்னத்தைப் பாக்க?"

"போற வழியிலை என்ன வருதோ, அதை."

அவன் சிரித்தான். படத்தில் இல்லாத சிரிப்பு. "அப்ப யன்னல் பக்கம் இருங்கோ. பொன்னாலைப் பாலத்திலை ரெண்டு பக்கமும் கடல். இந்த விலைக்கு ஒருதரும் உங்களுக்கு இவ்வளவு ஊர் காட்டமாட்டினம்."

விமலேஸ்வரி யன்னல் பக்கம் இருந்தாள். ஆனால் மானிப்பாய் வரும்வரை வெளியே அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவளுக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போயிற்று. இப்படி ஒருவன் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வீடு எப்படியிருக்கும் என்று அவள் மனம் தன்பாட்டில் நினைத்துப் பார்த்தது. கையோடு கொண்டுவந்த கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அவளைக் கடைக்கண்ணால் பார்த்து, "என்ன, மாடு நடக்குதோ?" என்று காதுக்குள் கேட்டாள்.

சங்கானைச் சந்தியில் பஸ் நின்றது. புகையிலையும் வெற்றிலையும் கட்டிய கடகத்தோடு ஒரு வயதான வியாபாரப் பெண் ஏறி, விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் ஏறினாள். வெள்ளையில் நீலக் கரை போட்ட கைத்தறிச் சேலை, கையில் ஒரு துணிப்பை. வயது விமலேஸ்வரியைவிட ஒன்றிரண்டு கூட இருக்கலாம். அவள் யாரையும் பார்க்கவில்லை.

ஆனால் பஸ்ஸுக்குள் ஏதோ மாறிவிட்டது. இவ்வளவு நேரமும் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தவன் வாயை மூடிவிட்டான். அவள் எங்கே போகிறாள் என்று கேட்காமலே ரிக்கற்றைக் கிழித்தான். அவளும் கேட்காமலே காசை நீட்டினாள். அவள் போய் முன்வரிசையில் இருந்து, சேலைத் தலைப்பை ஒழுங்குபண்ணி, பையை மடியில் வைக்கும்வரை அவன் மணி அடிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றான். ட்றைவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பழக்கம் போலிருந்தது.

"மோனை, மணியை அடியன். நாங்களும் வீட்டை போகவேணும்" என்று வியாபாரப் பெண் சத்தம் போட்டாள். இரண்டொரு பேர் சிரித்தார்கள். அவன் காதுகள் சிவந்தன. மணி அடித்தது.

விமலேஸ்வரி கைலேஞ்சியை மடித்து இடுப்பில் செருகினாள்.

வியாபாரப் பெண் வெற்றிலையை மடித்துக்கொண்டே அவள் பக்கம் சரிந்தாள். "பாத்தியே பிள்ளை? ரெண்டு வருஷமாய் இந்தக் கூத்துத்தான். அவள் மூளாயிலை நெசவு படிப்பிக்கிற ரீச்சர். ரெண்டும் ஒரு வார்த்தை கதைச்சு நான் காணேல்லை. கண்ணாலை பாக்கிறதும் குறைவு. ஆனால் ஒரு நாளைக்கு அவள் ஏறாட்டி, இவன் மிச்சக் காசை மாறிக் குடுப்பான்."

"அப்ப ஏன் கட்டேல்லை?" ராஜேஸ்வரிதான் கேட்டாள்.

"எப்பிடிக் கட்டுறது? அவள் தேப்பன் இல்லாத பிள்ளை, குடுக்க ஒண்டுமில்லை. இவனுக்குக் கீழை ரெண்டு குமர்ப் பிள்ளையள். இவனுக்கு வாற சீதனத்திலைதானே அதுகளைக் கரையேத்தவேணும். தாய்க்காரி வன்னிப் பக்கம் எங்கையோ ஒரு இடத்திலை பேசி முடிச்சிட்டாவாம். பெட்டை கொஞ்சம் கறுப்பாம், வாய் கொஞ்சம் நீளமாம். ஆனால் நெல்லு மூட்டை நிறைய இருக்காம்."

ராஜேஸ்வரி சீறப்போனாள். விமலேஸ்வரி அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள். பிறகு அவளுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. "மெய்தான் ஆச்சி. கறுப்பும் மெய், வாய் நீளமும் மெய்" என்றாள். கிழவி விளங்காமல் அவளையும் அவள் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மூளாயில் நெசவு ரீச்சர் இறங்கினாள். இறங்குகிற படியில் ஒரு கணம், அரைக் கணம், அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். பஸ் நகர்ந்தது. பொன்னாலைப் பாலம் வந்தது. அவன் சொன்னபடி இரண்டு பக்கமும் கடல். நீர் மட்டமாகப் பரந்து கிடந்தது, கொக்குகள் முழங்காலளவு தண்ணீரில் நின்றன. விமலேஸ்வரி இந்த முறை வெளியே நன்றாகப் பார்த்தாள். கண் கரித்தது. காற்று உப்பாக இருந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாலம் முடிவதற்குள் முடிவெடுத்துவிட்டாள்.

காரைநகரில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். ட்றைவர் தேத்தண்ணிக் கடைக்குள் போனார். பரமலிங்கம் கிளாஸை வாங்கிக்கொண்டு வெளியே ஒரு பூவரசமரத்தின் கீழ் நின்றான். விமலேஸ்வரி நேரே அவனிடம் நடந்தாள். ராஜேஸ்வரி பின்னால் ஓடினாள்.

"பரமலிங்கம் அண்ணை, ஒரு கதை கதைக்கவேணும்."

ராஜேஸ்வரி நின்றுவிட்டாள். கட்டப்போகிறவனை ஒருத்தி அண்ணை என்று கூப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

"என்ரை பேர் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான் அவன்.

"நான் விசுவமடு அப்புத்துரையற்றை இளைய மகள். இவா என்ரை அக்கா."

கிளாஸிலிருந்த தேத்தண்ணி அவன் காக்கிச் சட்டையில் சிந்தியது. துடைக்கவும் தோன்றாமல் நின்றான்.

"பயப்பிடாதையுங்கோ. சண்டைக்கு வரேல்லை. உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள். பாத்திட்டம். சங்கானையிலையும் பாத்திட்டம்."

"நாங்கள் ஒண்டும் பிழையாய்..." என்று தொடங்கினான்.

"பிழையெண்டு ஆர் சொன்னது? நான் ஐயாவிட்டை இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லப்போறன். எங்கடை பக்கத்தாலை முறிஞ்சால் உங்கடை அம்மா உங்களைக் குறை சொல்லமாட்டா."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்ததும் அவனே அதற்கு வெட்கப்பட்டு, தலையைக் குனிந்தான். "எனக்கு ரெண்டு தங்கச்சியவை. அம்மாவுக்குச் சொல்ல வாய் வரேல்லை. எத்தினையோ தரம் சொல்லுவமெண்டு போய்..."

"பஸ்ஸிலை வாய் நல்லாய்த்தானே வருது" என்றாள் விமலேஸ்வரி. "நான் வேண்டாமெண்டு சொன்னால் அது என்ரை பாடு. நாளைக்கு உங்கடை அம்மா பளையிலையோ மன்னாரிலையோ இன்னொருத்தியைப் பேசுவா. அவளும் ரொட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸேறி வரவேணுமே? எல்லாரும் என்னைமாதிரி வரமாட்டினம். வராதவள் உங்களைக் கட்டிப்போட்டு, வாழ்நாள் முழுக்க ஏனெண்டு தெரியாமல் யோசிச்சுக்கொண்டிருப்பாள். நான் சொல்லுவன். நீங்களும் சொல்லவேணும்."

ராஜேஸ்வரி முன்னுக்கு வந்தாள். "தம்பி, தங்கச்சியவைக்கு நீங்கள் உழைச்சுத்தான் குடுக்கவேணும். சுணங்கும், வருஷம் ரெண்டு மூண்டு கூடப் போகும். சுணங்கினால் என்ன? அதுகளுக்கும் கையும் காலும் இருக்கு; அந்த ரீச்சரிட்டை நெசவு பழகட்டும். இவளின்ரை சீதனத்திலை அதுகளைக் கட்டிக்குடுத்துப்போட்டு, நீங்கள் சங்கானையிலை மணியடிக்க மறந்துபோய் நிண்டால், அதைப் பாத்துக்கொண்டு இவள் இருக்கேலுமே? நான் விடமாட்டன்."

அவன் கிளாஸில் மிஞ்சியதை மண்ணில் ஊற்றினான். பிறகு, "சொல்லுறன். இந்த ஞாயிறு வீட்டை நிப்பன், சொல்லுறன்" என்றான். அந்தக் குரல் விமலேஸ்வரிக்கு நம்பக்கூடியதாக இருந்தது.

"என்னிலை கோவமோ?" என்று கேட்டான்.

விமலேஸ்வரி யோசித்தாள். "கோவமில்லை. சங்கானை வருமட்டும் எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

திரும்பும் பஸ்ஸும் அதுதான். அவன் அவர்களிடம் காசு வாங்க மறுத்தான். "ரிக்கற்றைத் தாங்கோ அண்ணை. இனி நாங்கள் உங்களுக்கு ஒரு முறையுமில்லை, பயணியள்தானே" என்றாள் விமலேஸ்வரி. அவன் கிழித்துக் கொடுத்தான்.

பட்டணத்தில் இறங்கியதும் ராஜேஸ்வரி தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே ஒரு ஐஸ்கிறீம் கடைக்குள் போனாள். மின்விசிறிக்குக் கீழே இருந்து, "பெரிய கிளாஸிலை ரெண்டு" என்றாள். விமலேஸ்வரி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"கடையிலை கால் வைக்கக்கூடாதெண்டு சொன்னது நீதானே?"

"சொன்னனான்தான். சாப்பிடு."

ஐஸ்கிறீம் பல்லைக் கூசவைத்தது. பாதி தின்னும்போது விமலேஸ்வரிக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. ராஜேஸ்வரி கைலேஞ்சியைக் கொடுத்துவிட்டு, கடைக்காரன் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அழுது முடிந்ததும் விமலேஸ்வரி மிச்சத்தைத் தின்றாள், உருகவிடவில்லை.

"அக்கா, அத்தானை நீ இப்பிடிப் பஸ்ஸேறிப் போய்ப் பாத்திருந்தால் வேண்டாமெண்டு சொல்லியிருப்பியோ?"

ராஜேஸ்வரி கரண்டியை நக்கினாள். "இல்லை. ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். உன்ரை அத்தான் நல்ல மனிசன். ஆனால் அந்த ஓம் என்ரை வாயாலை வந்திருக்கும். இப்ப நினைச்சால் அதொண்டுதான் குறை."

மறுநாள் சட்டி பானை வாங்க வேலையில்லை. நடந்தே பட்டணம் பார்த்தார்கள். கோட்டை மதிலைச் சுற்றி நடந்தார்கள். புதிதாகக் கட்டிய நூல்நிலையத்தின் வெள்ளைச் சுவரை வீதியில் நின்று பார்த்தார்கள். ராஜேஸ்வரி படியேறி உள்ளே எட்டிப்பார்த்து, "எல்லாம் புத்தகம்தான்" என்று வந்து சொன்னாள். மத்தியானக் காட்சிக்கு மலிவான வகுப்பில் இருந்து ஒரு படம் பார்த்தார்கள். அதில் கதாநாயகி மூன்று முறை மயங்கி விழுந்தாள். மூன்று முறையும் அக்காவும் தங்கச்சியும் சிரித்ததில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். பின்னேர ரயிலில் எள்ளுருண்டை ரின் காலியானது.

வீட்டில் வெறுங்கையோடு வந்து நின்ற மகள்களை அப்புத்துரை களத்திலிருந்து வந்த தூசியோடு பார்த்தார். விமலேஸ்வரி ஒளிக்கவில்லை. பஸ் ஏறியதிலிருந்து அண்ணை என்று கூப்பிட்டது வரை எல்லாம் சொன்னாள். அன்னபாக்கியம் தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள். அப்புத்துரை சத்தம் போட்டார். சந்தை முழுக்கச் சொல்லியாயிற்றே, இனி எந்த முகத்தோடு போவது என்றார். பெட்டைகளைத் தனியே விட்டது தன் பிழை என்றார்.

"ஐயா, நான் கண்ணாலை கண்டனான்" என்றாள் ராஜேஸ்வரி. "இவள் சொன்னது பிழையெண்டால் எனக்கும் சேத்து ஏசுங்கோ. ஆனால் இவளை அங்கை அனுப்புறதெண்டால் நான் கலியாணத்துக்கு வரமாட்டன்."

மூத்தவள் அதுவரை அவருக்கு எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அப்புத்துரை துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி களத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். வாசலிலேயே நின்று, பெடியன் வேறு இடத்தில் கட்டப்போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டானென்றும், தாய் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு இப்போதுதான் கஞ்சி குடித்தாளென்றும், பெரிய மானக்கேடாய்ப் போயிற்று, மன்னிக்கவேண்டும் என்றும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்புத்துரை அவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்பினார். தன் மகள் முதலே வேண்டாம் என்றதை அவர் சொல்லவில்லை. படலையில் அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது விமலேஸ்வரியைப் பார்த்து, "பெடியன் சொல்லிப்போட்டான்" என்று மட்டும் சொன்னார். கோபம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

கல்யாணத்துக்கென்று வைத்திருந்த காசில் அந்தச் சிறுபோகத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் இயந்திரம் வாங்கினார்கள். கிணற்றிலிருந்து மிளகாய்க் கன்றுகளுக்கு இறைக்கிற இயந்திரம். கயிற்றைச் சுண்டி அதை உயிர்ப்பிக்க முதலில் கற்றுக்கொண்டது விமலேஸ்வரிதான். பிறகு அடுத்த காணிக்காரரும் தங்களுடையது இயங்க மறுத்தால் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

பரமலிங்கமும் நெசவு ரீச்சரும் அடுத்த ஆவணியில் கல்யாணம் முடித்தார்கள் என்று கொட்டடி மாமி சொல்லியனுப்பினாள். அந்தச் செய்தி வந்த அன்று விமலேஸ்வரி மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "நல்லது" என்றாள். மெய்யாகவே நல்லதாகத்தான் இருந்தது.

தைப்பொங்கல் முடிந்ததும் முள்ளியவளையிலிருந்து தரகர் ஏரம்பு புதிய சம்பந்தம் ஒன்றோடு வந்தார். மடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அப்புத்துரை அதை வாங்கவில்லை.

"படம் வேண்டாம். பெடியனை வரச்சொல்லுங்கோ" என்றார். "என்னட்டை வரத்தேவையில்லை. அவள் தோட்டத்திலை நிப்பாள். அங்கை போய்க் கதைக்கட்டும். அவள் ஓமெண்டால், பிறகு நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்."

ஏரம்பு படத்தைத் திரும்பவும் மடியில் செருகிக்கொண்டு தோட்டப் பக்கம் பார்த்தார். அங்கே இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. விமலேஸ்வரி பாவாடையைச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் வந்த தண்ணீரை மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் திருப்பினாள்.